புதிய மாயாஜால வித்தை ஒன்று மேடைக்கு வரும் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாயாஜாலம் செய்து வருகிறேன். தமிழ்ப்பள்ளி விழா, கல்யாண மண்டபம், தீபாவளி விருந்து, கோயில் திருவிழாவின் கடைசி இரவு என்று மேடை மாறிக்கொண்டே இருந்தாலும், நிகழ்ச்சி முடிந்து சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கும் நேரத்தில் அருகில் வந்து நிற்கும் இளைஞர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டு முன்கூடத்தில் பழக வருகிறவர்களும் அவற்றையே கேட்கிறார்கள். நின்றுகொண்டு அவசரமாகச் சொல்லும் பதில் பாதியில் அறுந்துவிடுகிறது என்பதால், பொறுமையாக எழுதி வைக்கிறேன். அரிச்சுவடிக்கு மேற்பட்ட எந்த இரகசியமும் இதில் வெளியாகாது.

ஒரு புதிய வித்தையை மேடையேற்ற எவ்வளவு காலம் ஆகும்?

கைக்குப் படிய மூன்று மாதம், வாய்க்குப் படிய இன்னும் மூன்று மாதம், கூட்டத்துக்கு முன் நிற்கத் தகுதி பெற மேலும் ஆறு மாதம் என்பது என் அனுபவக் கணக்கு. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு என்ற கிண்ணங்களைக் கவிழ்த்து நான் இப்போது செய்யும் மங்கு வித்தைக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அமெரிக்க மாயாஜாலக்காரர் டெல்லர், ஒரு சிவப்புப் பந்து நாய்க்குட்டியைப்போல் தன்னைப் பின்தொடர்ந்து வரும் வித்தையைப் பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்கு முன் ஓராண்டுக்கும் மேலாகத் தனியாகப் பழகினார். நிரந்தர அரங்கமும் உதவியாளர்களும் உள்ள ஒருவருக்கே அத்தனை காலம் தேவைப்பட்டது. அடுத்த மாதம் அக்காவின் கல்யாணத்தில் செய்துவிட வேண்டும் என்று வருகிறவர்களிடம், கல்யாணத்தில் சாப்பாடு பரிமாறுங்கள், வித்தையை அடுத்த தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்போடு சொல்லி அனுப்புகிறேன்.

காணொளியில் கற்கலாமா, புத்தகத்தில் கற்கலாமா, ஆசிரியரிடம் கற்கலாமா?

மூன்றிலும் கற்கலாம். ஆனால் காணொளியில் மட்டும் கற்றவரை ஐந்து நிமிடத்தில் அடையாளம் கண்டுவிட முடியும், ஏனென்றால் அவர் வித்தையோடு சேர்த்து அந்த மனிதரின் தோள் அசைவையும் புருவத்தையும் பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் எடுத்துக்கொண்டு வந்திருப்பார். புத்தகத்தில் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. 'இடக்கையின் சுண்டுவிரலால் சீட்டின் மூலையை இலேசாக அழுத்தவும்' என்று எழுதியிருப்பதைத் தன் விரலில் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால், அவர் கண்டுபிடிப்பது அவருடையதாகவே அமைந்துவிடுகிறது. ஆசிரியர் என்பவர் தவறைப் பார்த்துச் சொல்வதற்காக இருக்கிறார். நூறு காணொளிகளைவிட ஒரு புத்தகமும், வாரம் ஒரு முறை உங்கள் கையைக் கூர்ந்து பார்க்கும் ஒரு மனிதரும் போதும்.

முதலில் எதைப் பழக வேண்டும்?

உண்மையான செயலைப் பழக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்கிறவர் இதைப் படிக்கட்டும்.

வலக்கையில் உள்ள நாணயத்தை இடக்கையில் வைப்பதுபோல் காட்டிவிட்டு வலக்கையிலேயே தங்கவைத்துக்கொள்வது உலகெங்கும் அறியப்பட்ட அரிச்சுவடிப் பாடம். புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே மறைப்பதைப் பழகத் தொடங்குகிறார்கள். நானோ முதல் வாரம் முழுவதும் நாணயத்தை உண்மையாகவே இடக்கையில் வைக்கச் சொல்கிறேன். அப்படி வைக்கும்போது இடக்கை விரல்கள் எந்தக் கணத்தில் மூடுகின்றன, நாணயத்தின் கனம் விழுந்ததும் மணிக்கட்டு எவ்வளவு தாழ்கிறது, கொடுத்து முடித்த வலக்கை எப்படித் தளர்ந்து பக்கவாட்டில் இறங்குகிறது, கண் எந்தக் கையோடு பயணம் செய்கிறது என்பவற்றை ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். அதன் பிறகுதான் நாணயத்தைக் கொடுக்காமல் அதே அசைவுகளை அதே வரிசையில் செய்ய முடியும். உண்மையான செயல் எப்படி இருக்கும் என்று தெரியாத கை, பொய்யான செயலை எதைப் பார்த்து நகல் எடுக்கும்?

என்னிடம் பழகிய பையன் ஒருவன் நாணயத்தை மறைக்கும்போதெல்லாம் வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்வான். எத்தனை முறை சொல்லியும் அது போகவில்லை. ஒரு நாள் அவனுடைய அம்மா அழைத்துப் போக வந்தபோது, "அம்மா கையில அந்தச் சில்லறையக் குடுப்பா" என்றேன். கொடுத்தான். முழங்கை தன் போக்கில் விலகி, கை காற்றில் ஒரு கணம் மிதந்து, பிறகு தொடையருகே விழுந்தது. "இப்ப செஞ்சியே, அதேதான்" என்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. 1894இல் ஒட்டாவாவில் பிறந்து, 1992இல் இறக்கும் வரை மாயாஜாலக்காரர்களின் ஆசானாக விளங்கிய டாய் வெர்னன் ஓயாமல் சொல்லிவந்தது இயல்பாக இருங்கள் என்பதைத்தான். அந்த இயல்பு தானாக வருவதில்லை. சில்லறை கொடுக்கும் கையைக் கவனித்துக் கவனித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பழகுவதற்கு எந்த நாணயம் நல்லது?

பழைய 50 சென். அதன் குறுக்களவு ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். ஆங்கிலப் புத்தகங்கள் பெரும்பாலும் மனத்தில் வைத்து எழுதும் அமெரிக்க அரை டாலர் 30.6 மில்லிமீட்டர் என்பதால், பழைய 50 சென் அதற்கு அருகில் வருகிறது. 2012இல் வந்த மஞ்சள் நிறப் புதிய 50 சென் 23 மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆகவே உள்ளங்கைத் தசையில் சரியாகப் பிடிபடாமல் நழுவும். நோட்டு வித்தை செய்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் 1 வெள்ளி (ரிங்கிட்), 5 வெள்ளி நோட்டுகள் பாலிமர் என்பதால் மடித்த மடிப்பு நிற்காமல் விரிந்துகொள்ளும். 10 வெள்ளி நோட்டு காகிதம், சொன்னபடி மடியும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பழக வேண்டும்?

காலையில் பதினைந்து நிமிடம், இரவில் பதினைந்து நிமிடம், தினமும். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் பழகி மற்ற நாள்களில் தொடாமலிருப்பதைவிட இது பல மடங்கு மேல், ஏனென்றால் களைத்த விரல் தவறையே மனப்பாடம் செய்துகொள்கிறது. பிரான்சின் ரோபேர்-ஊதேன், கடிகாரத் தொழிலாளராக இருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் மாயாஜாலக்காரர் ஆனவர், கோட்டின் பைகளுக்குள் கையை விட்டு நடந்துகொண்டே பழகியதாகவும், நான்கு பந்துகளை வீசிப் பிடித்தபடியே புத்தகம் வாசிக்கப் பழகிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். கை தன் வேலையைச் செய்யும்போது மனம் விடுதலையாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தொலைக்காட்சிச் செய்தியைக் கவனித்துக் கேட்டுக்கொண்டே சீட்டை மறைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கூட்டத்தோடு பேசிக்கொண்டும் முடியாது.

கண்ணாடி முன் பழகலாமா?

தொடக்கத்தில் மட்டும் பழகலாம். கண்ணாடி முன் நீண்ட காலம் பழகியவர்கள் மறைக்கும் கணத்தில் தம்மை அறியாமல் கண் சிமிட்டுகிறார்கள். தம் தவறைத் தாமே பார்க்க விரும்பாத கண் அப்படிச் செய்துகொள்கிறது, அதனால் அந்தத் தவறு அவர்களுக்கு மட்டும் தெரியாமலே போகிறது. கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் பாருங்கள். முன்னாலிருந்து மட்டும் பதிவு செய்தால் போதாது. நம் ஊர் நிகழ்ச்சிகளில் பிள்ளைகள் மேடையின் காலடியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள், ஒலிபெருக்கிக்காரர் பக்கவாட்டில் நிற்பார், மாப்பிள்ளையின் நண்பர்கள் பின்னாலும் ஏறி நிற்பார்கள். கைப்பேசியைத் தரையில் வைத்து ஒரு முறை, இரு பக்கங்களிலும் ஒவ்வொரு முறை பதிவு செய்த பிறகுதான் எந்த வித்தை எந்த இடத்துக்குப் பொருந்தாது என்பது தெரியவரும்.

பழகுவதும் ஒத்திகையும் ஒன்றுதானே?

வேறு வேறு. பழகும்போது தவறினால் நிறுத்தி, தவறிய இடத்தை மட்டும் திரும்பச் செய்கிறோம். ஒத்திகையில் நிறுத்தவே கூடாது. சீட்டு கீழே விழுந்தால் விழுந்த சீட்டை எப்படி எடுப்பேன், என்ன சொல்லி எடுப்பேன் என்பதும் ஒத்திகையின் பகுதி. அன்றைக்குப் போடப்போகும் அதே உடையில், அதே பெட்டியோடு, வணக்கம் சொல்வது முதல் கடைசிப் பொருளை உள்ளே வைப்பது வரை செய்ய வேண்டும். உடை என்பதை அழுத்திச் சொல்கிறேன். கால்சட்டைப் பையை நம்பிப் பழகிய ஒருவர் கல்யாணத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனால் பாதி வித்தை வீட்டிலேயே நின்றுவிடும். ஜிப்பாவின் பை ஆழமாகவும் தளர்ந்தும் இருப்பதால் அதில் வைத்த பொருள் புரண்டு போகும். என் ஜிப்பாப் பைக்குள் குறுக்கே ஒரு தையல் போட்டு இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

வேகமான கைதானே கண்ணை ஏமாற்றுகிறது?

இல்லை. வேகம் சந்தேகத்தை எழுப்பும். மக்கள் உங்கள் முகம் போகும் இடத்துக்குத்தான் போகிறார்கள். 2006இல் குஸ்தாவ் கூன், மைக்கேல் லேண்ட் ஆகிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாயாஜாலக்காரர் ஒரு பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடித்துவிட்டு, மூன்றாம் முறை பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு எறிவதுபோல் மட்டும் செய்தார். அவர் மேலே பார்த்தபோது, பார்த்தவர்களில் 63 விழுக்காட்டினர் பந்து மேலே போனதைக் கண்டதாகவே சொன்னார்கள். அவர் தம் கையையே பார்த்துக்கொண்டு அதே பொய் எறிதலைச் செய்தபோது அது 32 விழுக்காடாகக் குறைந்தது. கை செய்தது ஒன்றுதான். தலை நிமிர்ந்ததே வேறுபாடு. ஆகவே ஒத்திகைக் குறிப்பில் கையின் அசைவை எழுதும்போது, அதன் பக்கத்திலேயே அந்தக் கணத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

பிறர் செய்யும் வித்தையை நம்முடையதாக ஆக்குவது எப்படி?

செப்படி வித்தை என்ற சொல்லில் உள்ள செப்பு, சிறு சிமிழைக் குறிக்கும். கிண்ணங்களைக் கவிழ்த்துப் பந்துகளை மறைத்துக் காட்டும் இந்த வித்தை ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி இருக்கிறது. ரோம அறிஞர் செனெகா முதலாம் நூற்றாண்டில் எழுதிய கடிதமொன்றில் கிண்ணத்தையும் கூழாங்கல்லையும் வைத்துச் செய்பவர்களைக் குறிப்பிட்டு, சூட்சுமம் தெரிந்துவிட்டால் தமக்குச் சுவை போய்விடும் என்கிறார். இத்தனை பழைய ஒன்றை நான் செய்யத்தான் வேண்டுமா என்று பல ஆண்டுகள் தயங்கினேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த செம்புக் கிண்ணங்களில் செய்து பார்த்தபோது மக்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

என் அம்மா ரப்பர் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். வீட்டின் பின்புறம் அவர் வைத்திருந்த பழைய பீங்கான் மங்குகள் மூன்றைக் கழுவி மேசைமேல் கவிழ்த்தபோதுதான் எனக்கு வழி திறந்தது. உடனே சிக்கல்களும் வந்தன. மரத்தில் கம்பி வளையத்துக்குள் உட்காருவதற்காகச் செய்யப்பட்ட மங்கின் அடிப்பகுதி உருண்டையாக இருப்பதால், கவிழ்த்த மங்கின்மேல் பந்தை வைத்தால் நிற்காது, ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கவும் முடியாது. புத்தகங்களில் உள்ள வரிசை அப்படியே பயன்படாமல் போனது. சோற்றுக் கிண்ணங்களைக் கவிழ்த்து மணிகளை இடம் மாற்றும் சீனர்களின் முறைதான் இந்த வடிவத்துக்கு நெருக்கமாக இருந்தது, எனவே அங்கிருந்து மறுபடி கட்டத் தொடங்கினேன். உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்தேன். முதல் நாளே அது மேசையிலிருந்து துள்ளிக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. பிறகு பழைய சேலைத் துணியை இறுக்கிச் சுற்றி நூலால் கட்டிய பந்துக்கு மாறினேன்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல், கை ஒரு முறை மங்குக்குள் போய் வர வேண்டும், ஆனால் போவதற்கு ஒரு காரணமும் இல்லை. காரணமில்லாமல் அசையும் கையைக் குழந்தைகூடக் கவனித்துவிடும். நான்கு மாதம் இதே இடத்தில் நின்றேன். ஒரு நாள் மாலை அம்மா என் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், பேசிக்கொண்டே ஒரு மங்கை எடுத்தார். பெருவிரலால் உட்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தார், விரலைச் சுண்டினார், மங்கைக் கவிழ்த்து வைத்தார். மரம் வெட்டுவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும், படிந்த பாலை எடுக்காமல் மங்கை வைக்க அவர் கைக்குத் தெரியவில்லை. இன்று என் வித்தையில் அந்தத் துடைப்பு இருக்கிறது. அதற்குள் என்ன நடக்கிறது என்று எழுத மாட்டேன். முன்வரிசையில் உட்காரும் பாட்டிமார்கள் அதைக் கண்டதும் முகம் மலர்ந்து, "நம்ம மங்குடி" என்று பக்கத்திலிருப்பவரைத் தட்டிக் காட்டுகிறார்கள். ஆயிரம் முறை தாங்களே செய்த செயலை யாரும் சந்தேகிப்பதில்லை. உங்கள் வித்தைக்கு வேண்டிய காரணங்களும் உங்கள் வீட்டில், நீங்கள் வேலை செய்யும் இடத்தில், யாரோ ஒருவரின் கையில் இருக்கும்.

முதல் மேடையேற்றம் தவறினால் என்ன செய்வது?

என்ன தவறியது என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டும். மங்கு வித்தையை முதன்முதலில் ஒரு கல்யாணத்தில் செய்தபோது, இறுதியில் வெளிப்பட வேண்டிய எலுமிச்சம்பழங்களில் ஒன்று இரண்டு நிமிடம் முன்னதாகவே மங்கோடு நழுவி மேசையிலிருந்து உருண்டு, மணப்பெண்ணின் பெரியம்மா காலடியில் போய் நின்றது. சிரித்தார்கள், நானும் எடுத்து வைத்துவிட்டு முடித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. கை தவறிவிட்டது என்று நினைத்துக் கையையே மீண்டும் பழகியிருந்தால் இன்னும் ஆறு மாதம் வீணாகியிருக்கும். உண்மையில் கை சரியாகத்தான் செய்தது. வீட்டில் தடித்த துணி விரித்த மர மேசையில் ஒத்திகை பார்த்துவிட்டு, மண்டபத்தில் சற்றே சாய்ந்த, வழுவழுப்பான பிளாஸ்டிக் மேசையில் செய்ததுதான் பிழை. இப்போது ஒரு தடித்த துணியை என்னோடு எடுத்துப் போகிறேன். அது வழுக்கலைத் தடுப்பதோடு, பீங்கான் மேசையில் படும் ஒலியையும் அடக்குகிறது, ஏனென்றால் உள்ளே பழம் உள்ள மங்கும் காலியான மங்கும் ஒரே ஒலி எழுப்புவதில்லை.

அதன் பிறகு எந்தப் புதிய வித்தையையும் நிகழ்ச்சியின் தொடக்கத்திலோ முடிவிலோ வைப்பதில்லை. நன்கு படிந்த இரண்டு வித்தைகளுக்கு நடுவில் வைத்தால், அது சறுக்கினாலும் அடுத்தது தூக்கிவிடும்.

பல இனத்தவர் கூடும் இடத்தில் எந்த மொழியில் பேசுவது?

பேச்சைக் குறைத்து அமையுங்கள். பேசித்தான் ஆக வேண்டிய வரிகளை மலாயிலும் தமிழிலும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் நின்றுகொண்டு மொழிபெயர்த்தால் கையும் சேர்ந்து தடுமாறும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் இடத்தில் மலாயில் 'சாத்து, டுவா, தீகா' என்று பிள்ளைகளையே எண்ணவிட்டால் மூன்று இனப் பிள்ளைகளும் ஒரே குரலில் சேர்ந்துகொள்கிறார்கள். வங்காளத்தின் பி. சி. சர்க்கார் ஒரே கூஜாவை நிகழ்ச்சி நெடுகிலும் இடையிடையே கவிழ்த்து, தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று நினைக்கும் ஒவ்வொரு முறையும் மீண்டும் ஊற்றிக் காட்டுவார். அப்படிப்பட்ட ஒன்றுக்கு மொழியே தேவையில்லை.

"அந்தக் கையிலதான் இருக்கு அண்ணே!" என்று பிள்ளைகள் கத்தினால்?

அந்தப் பிள்ளை சரியாகச் சொல்லியிருந்தால், நன்றி சொல்லி அடுத்த வித்தைக்குப் போங்கள், பிறகு அந்த இடத்தைக் குறித்து வைத்து வீட்டில் சரிசெய்யுங்கள். பிள்ளையை மட்டம் தட்டிப் பேசுவது எக்காரணத்தைக் கொண்டும் கூடாது. நான் சோதனைக்கு முதலில் தேடிப் போவதே ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைத்தான். பெரியவர்களைப்போல் அவர்கள் மரியாதைக்காக மௌனமாக இருப்பதில்லை.

மறுபடி செய்யச் சொன்னால் செய்யலாமா?

அதே முறையில் செய்யக்கூடாது. 1922இல் டாய் வெர்னன், எந்த வித்தையையும் மூன்று முறை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமை பேசிவந்த புகழ்பெற்ற மாயாஜாலக்காரர் ஹூடினியின் முன் ஒரே சீட்டு வித்தையைப் பல முறை செய்து காட்டியும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தத் தேர்ச்சி வரும் வரை, சிரித்துக்கொண்டே வேறொன்றைச் செய்து காட்டுங்கள்.

நம் தட்பவெப்பத்தில் சீட்டுக்கட்டு கெட்டுப்போகிறதே?

ஈரம் குடித்துச் சீட்டுகள் உப்பி ஒட்டிக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள், பழகும் கட்டையும் மேடைக் கட்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் மாலை மழை பெய்து ஓய்ந்த பிறகு நிகழ்ச்சி என்றால் நான் சீட்டையே எடுப்பதில்லை.

இது மந்திரம் என்று நினைக்கிறவர்களிடம் என்ன சொல்வது?

கைப்பழக்கம் என்று மேடையிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். பில்லி சூனியம் என்ற அச்சம் நம் மக்களிடம் இன்னும் இருக்கிறது, முஸ்லிம் அன்பர்களுக்கும் சூனியம் என்று தோன்றும் எதுவும் மனச்சங்கடத்தைத் தரும். வெறுங்கையிலிருந்து விபூதி வரவழைக்கக் கற்றுக்கொடுக்கும்படி சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் கற்றுக்கொடுப்பதில்லை. அதை வைத்து ஏழைத் தாய்மார்களிடம் பணம் பறித்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். மேடைக்கு நம்பி வருகிறவரை மகிழ்விக்கத்தான் இத்தனை மாதம் பழகுகிறோம்.

நிகழ்ச்சிக்குப் பிறகு என்ன குறித்துக்கொள்ள வேண்டும்? ஒரு வித்தையை எப்போது கைவிடுவது?

அன்றிரவே எழுதிவிட வேண்டும், காலையில் நினைவு நமக்குச் சாதகமாக மாறிவிடும். எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள், யார் எந்தக் கணத்தில் என் வலக்கையைப் பார்த்தார், எந்த வரியை நானே விழுங்கினேன் என்பவற்றைக் குறிக்கிறேன். ஒரே இடத்தில் மூன்று நிகழ்ச்சிகளில் இருமல் வந்தால் அந்த இடத்தைச் சுருக்குகிறேன். மங்கு வித்தை இப்படி ஒன்பது நிமிடத்திலிருந்து ஆறு நிமிடமாக இறங்கியது. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இரண்டு செய்தால் எது பலித்தது என்று தெரியாது. கைவிடுவதற்கு விதி எதுவும் என்னிடம் இல்லை. வெட்டிய கயிற்றை ஒட்டும் வித்தை ஒன்றை இரண்டு ஆண்டுகள் பழகி, பதினொரு முறை மேடையேற்றி, ஒரு முறைகூட மனம் நிறையாமல் எடுத்து வைத்துவிட்டேன். கயிறு இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. தோட்டத்தில் மாடு கட்டும் முடிச்சு ஒன்றை இப்போது பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.